நூற்குற்றமும் நிரற்குற்றமும்



கவிதை போற்றும் அவையில் கணினி நிரலுக்கு என்ன இடம் என்னும் வினா எழலாம். நிரலும் ஒரு நூலே. அதற்கும் எழுத்துண்டு, சொல்லுண்டு, இலக்கணமுண்டு. எனவே பிழையும் உண்டு. கவிதையில் பிழை புகுந்தால் சுவை கெடும். நிரலில் பிழை புகுந்தால் ஒருவரது ஊதியம் நிற்கும்; மற்றொருவரது மருத்துவ உதவி தடைபடும்.

அளவெடுத்துத் தைத்த ஆடை

கடையில் ஆயத்த ஆடை கிடைப்பதுபோல ஆயத்த மென்பொருளும் விலைக்குக் கிடைக்கிறது. ஆயினும், ஒரு நூற்பாலையின் கணக்குமுறை ஒரு மருந்து வணிகருக்குப் பொருந்துவதில்லை. ஆகவே நிறுவனங்கள் தத்தம் தொழிலுக்கேற்ப இணையச் செயலிகளைத் தனியே செய்வித்துக் கொள்கின்றன. வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிதல், வடிவமைத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல், ஒப்படைத்தல், பேணுதல் என இப்பணி பல படிகளாக விரியும்.

இவற்றுள் சோதித்தலே பெரும்பாலும் கடைப்பிள்ளையாக நடத்தப்படுகிறது. முன்படிகளில் காலம் வீணாகும்போது, அந்த இழப்பு சோதனைக்குரிய நாள்களிலிருந்தே கழிக்கப்படுகிறது.

அரங்கேற்ற மரபு

நூலைச் சோதிக்காமல் உலகில் விடலாகாது என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த நெறி. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டதெனப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. கேட்டவர் வேறொருவர் என்பதே இங்குக் கருதத்தக்கது. எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை எளிதில் புலப்படாது. மெய்ப்புத் திருத்தியவர் அனைவரும் இதனை அறிவர். நல்ல மென்பொருள் நிறுவனங்களில் நிரலரும் சோதனையாளரும் வேறு வேறாக இருப்பதன் காரணமும் இதுவே.

நன்னூலின் பொதுப்பாயிரம் நூற்குற்றம் பத்தென வகுக்கிறது. அவற்றுட் சில நிரலுக்கும் அப்படியே பொருந்துகின்றன. வாடிக்கையாளர் சொல்ல வேண்டியதைச் சொல்லாது விட்டால் அது குன்றக் கூறல். விற்பனைப் பிரிவு ஒன்றும் கணக்குப் பிரிவு மற்றொன்றும் கேட்டால் அது மாறுகொளக் கூறல். பாதி வேலையில் புதுப்புதுத் தேவைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் அது மற்றொன்று விரித்தல். எல்லாம் முடிந்தபின் பணியாளர் எவரும் பயன்படுத்தாமல் கிடந்தால் அது நின்று பயனின்மை.

இக்குற்றங்களைக் களையவே சோதனைகள் அடுக்கடுக்காக அமைகின்றன. ஒவ்வொரு சிறு பகுதியையும் தனித்துப் பார்ப்பது அலகுச் சோதனை. சீர்களை ஒவ்வொன்றாக அலகிட்டுப் பார்ப்பது போன்றது. பகுதிகள் இணையும் இடத்தைப் பார்ப்பது ஒருங்கிணைப்புச் சோதனை. அது தளை பார்ப்பது போன்றது. சீர் ஒவ்வொன்றும் சரியாயிருந்தும் தளை தட்டுவதுண்டன்றோ? பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் நுழைந்தால் தாங்குமா எனப் பார்ப்பது சுமைச் சோதனை. இறுதியில் வாடிக்கையாளரே பயன்படுத்திப் பார்த்து ஒப்புவது ஏற்புச் சோதனை.

ஆறு பேர்

தளை தட்டியதன் விளைவை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. அமெரிக்க அரசு, மருத்துவக் காப்பீடு இல்லாத மக்களுக்காக ஹெல்த்கேர்.கவ் என்னும் தளத்தை 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. 36 மாநில மக்கள் அதனை நம்பியிருந்தனர். விண்ணப்பிப்பவரின் வருவாய், குடியுரிமை முதலியவற்றைப் பிற அரசுத் துறைகளின் கணினிகளிடம் கேட்டு உறுதிசெய்து, காப்பீட்டு நிறுவனங்களுக்கு விவரம் அனுப்புவது அதன் பணி. பகுதிகளைப் பல ஒப்பந்த நிறுவனங்கள் ஆக்கின.

திறந்த நாளிலேயே தளம் தடுமாறியது. பல இலட்சம் பேர் முயன்றனர். முதல் நாளில் பதிவை முடித்தவர் ஆறு பேர் மட்டுமே எனப் பின்னர் வெளியான ஆவணங்கள் காட்டின. முழுமையையும் தொடக்கம் முதல் இறுதி வரை இணைத்துச் சோதிக்க இறுதி இரு வாரங்களே கிடைத்தன என்று ஒப்பந்ததாரர்கள் அம்மாதமே நாடாளுமன்றக் குழுவின் முன் கூறினர். காப்பீட்டுத் திட்டங்களைப் பார்வையிடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் கணக்குத் தொடங்க வேண்டும் என்று பிற்பாடு புகுத்தப்பட்ட மாற்றம், கூட்டம் முழுவதையும் ஒரே வாயிலில் நெருக்கியது. மற்றொன்று விரித்தல் செய்த கேடு அது.

திருத்தவும் முடிந்தது. தனிக்குழு அமர்த்தப்பட்டு, நானூறுக்கும் மேற்பட்ட வழுக்கள் நீக்கப்பட்டன. டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் 50,000 பேரைத் தாங்கும் நிலை அறிவிக்கப்பட்டது. மாநிலத் தளங்களையும் சேர்த்து, 2014 வசந்தத்திற்குள் ஏறத்தாழ 80 இலட்சம் பேர் பதிந்தனர். எனினும், திறப்புக்கு முன் செய்ய வேண்டியதைத் திறந்தபின் செய்தனர். இடைப்பட்ட இரு மாதங்களும் நோயாளிகளின் மாதங்கள்.

புள்ளி தொலையும் இடம்

இனித் தமிழுக்கு வருவோம். யூனிகோடு முறையில் 'கண்ணன்' என்னும் நான்கெழுத்துப் பெயர் ஆறு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது, புள்ளி தனிக்குறி. ஐந்து குறிகளே ஏற்போம் என்று ஒரு படிவம் வரம்பிட்டால் அவர் 'கண்ணன' ஆகிவிடுவார். 'பல்' புள்ளியிழந்தால் 'பல' ஆகும், பொருளே மாறும். குறியெண் வரிசைப்படி அடுக்கினால், நம் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கும் 'ன', 'ந'வை அடுத்து 'ப'வுக்கு முன்னே வந்து நிற்கிறது. 'கௌ'வுக்கும் பின்னே போகிறது 'க்'. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தின் முன், தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் உடைய தமிழர் திகைத்து நிற்கிறார்.

இவற்றைத் திருத்தும் வழிகள் உள்ளன. எழுத்தை எழுத்தாக எண்ணவும் தமிழ் அகரவரிசைப்படி அடுக்கவும் முடியும். செய்யாமைக்குக் காரணம் அறிவின்மை அன்று; ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று கருதுவதே. சோதனையால் பிழை உண்டென்று காட்டலாம், இல்லையென்று நிறுவ இயலாது என்றார் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. தேடாத இடத்தில் பிழை தென்படாது.

அந்த இடத்தைத் தேடிக் காட்ட வேண்டியவர் யார்? ஒற்று மிகுமிடம், மிகாவிடம் பார்த்துப் பழகிய கண்கள் இந்த அவையில் நிறைந்துள்ளன. தமிழில் செயலி ஆக்குவோர் சோதனை மேசையில் தமிழறிந்த ஒருவரை அமர்த்தட்டும். அழைப்பு வரும்போது கவிஞர்கள் மறுக்காது செல்லட்டும். பத்தாண்டுகள் நூல்களை அரங்கேற்றிய இந்த இலக்கிய வட்டம், அடுத்த பத்தாண்டில் அதங்கோட்டு ஆசானின் இருக்கையை இங்கும் நிரப்ப வேண்டும்.