விலைக்குச் சோறு

(பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இன்றைய பொருள் இலக்கிய மேடைக்குச் சற்றுப் புதிது. வீட்டை விட்டு வெளியே சென்று, காசு கொடுத்து, முன்பின் அறியாதவர்களோடு அமர்ந்து உண்பது பற்றியது.

இத்தாலியின் பாம்பேய் நகரம் கி.பி. 79-இல் வெசூவியசு எரிமலையின் சாம்பலுக்குள் புதையுண்டது. தோண்டி எடுக்கப்பட்ட அந்நகரின் தெருமுனைகளில் சோற்றுக்கடைகள் பல காணப்படுகின்றன. கல்மேடை ஒன்று; அதில் கழுத்துவரை பதிக்கப்பட்ட பெருஞ்சாடிகள்; அவற்றிலிருந்து அள்ளித் தந்திருக்கிறார்கள். 2020-இல் முழுமையாக வெளிப்பட்ட ஒரு கடையின் மேடையில் வாத்தும் சேவலும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. எளியோர் பலரின் குடியிருப்புகளில் அடுப்புக்கு இடமில்லாமையால் தெருக்கடையே அவர்களுக்கு அடுக்களையாயிற்று. அதே பாம்பேயில் 1938-இல் இந்தியத் தந்தச் சிற்பமொன்று கிடைத்தது என்பதை நினைத்துக்கொண்டால், மிளகுக்கும் முத்துக்கும் இக்கடற்கரைகளை நாடி வந்த யவனன் தன் ஊர்த்தெருவில் எத்தகைய கடையில் உண்டு பழகியிருப்பான் என்பது ஒருவாறு புலனாகும்.

இங்கு வந்தவனுக்கு அத்தகைய கடை கிடைத்ததா? கிடைத்தது. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் சோறும் பழமும் விலைக்குக் கிடைத்த இடங்களைக் காட்டுகிறார். அதனினும் நுண்மையான காட்சி ஒன்று அந்நூலின் இரவுப் பகுதியில் வருகிறது. அடையும் மோதகமும் விற்கும் கூவியர், விற்பனை ஓய்ந்த யாமத்தில், தம் பண்டங்களோடு இருந்தவாறே உறங்குகின்றனர். கடைக்காரனின் களைப்பைக் கண்ட கவிஞன் அவன். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலும் பிட்டு விற்பாரும் அப்பம் விற்பாரும் தத்தம் தொழிற்பெயரோடு நிற்கின்றனர். இளங்கோவடிகளுக்கு அவர்கள் இழிந்தோராகத் தோன்றவில்லை.

பின்னர் என்ன நேர்ந்தது? சோறு விற்பது பாவம் என்ற எண்ணம் ஆழ வேரூன்றியது. கலியுகத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே சோற்று விற்பனையை வடநூல்கள் கூறும். தமிழர் பெருமை பேசும் மேடைகளிலும் விருந்தோம்பல் ஒன்றே உணவறமாகப் போற்றப்படுகிறது. காசுக்கு உணவிடுவது அதன் சிதைவாகவே கருதப்படுகிறது. இக்கருத்தை நாஞ்சில் நாட்டை வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். சோதித்தால் அது நிலைக்கவில்லை.

விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. முன்பின் அறியாத புதியவனே விருந்தினன். ஆனால் புதியவனிடம் கேட்கப்பட்ட முதற்கேள்வி எது என்பதை இந்த மண்ணின் முதியோர் அறிவர். எந்த ஊர் என்று தொடங்கும் அக்கேள்வி, எந்தத் தெரு என்பதில் வந்து முடியும். விடையைப் பொறுத்தே திண்ணையா, முற்றமா, படிப்புரையா, வாசலுக்கு வெளியேயா என்பது முடிவாகும்.

இம்மாவட்டத்தில் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் இரண்டு தளங்கள் கொண்ட ஊட்டுப்புரை இருக்கிறது. தளத்துக்கு ஆயிரம் பேராக, ஒரே வேளையில் இரண்டாயிரம் பேர் அமர்ந்து உண்ணலாம். பெரிய ஊறுகாய்ச் சாடிகளை இன்றும் சுற்றுலாப் பயணிகள் வியந்து நோக்குகின்றனர். அந்நீண்ட கூடத்தில் நிற்கும் எவர்க்கும் திருவிதாங்கூர் மன்னர்களின் கொடைத்திறம் நெஞ்சை நிறைக்கும். அங்கு உண்டோர் அந்தணர் என்பதும், அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்தவன் அக்கூடத்தின் நிழலுக்கும் வர இயலாதவன் என்பதும் சேர்த்தே நினைக்கத்தக்கன. பழையாற்றுப் பாசன வயல்கள் தந்த நெல், இலவசமாக, ஒரு சாராருக்குப் பரிமாறப்பட்டது. இலவசம் என்பதாலேயே அது அறமாகிவிடாது.

இந்நிலையை எதிர்த்த முதற்குரல்களுள் சாமிதோப்பில் எழுந்த ஐயா வைகுண்டரின் (1809-1851) குரல் தலையாயது. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் முகக்கவும், ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணவும் அவர் வகுத்த நெறி, இலையைச் சுற்றி எழுப்பப்பட்ட சுவரை இலையின் முன்னமர்ந்தே இடித்த செயல் ஆகும். வடக்கே கொச்சிச் சீமையில் 1917-இல் சகோதரன் ஐயப்பன் செராயியில் நடத்திய கலப்பு விருந்து இதன் பின்னர் நிகழ்ந்தது. அதற்காக அவர் ஊரார் வெறுப்புக்கு ஆளானார். ஒருவரோடு அமர்ந்து ஒரு பிடி சோறு உண்டதற்கே அத்தனை எதிர்ப்பு. 1926-இல் சுசீந்திரத்தில் தெருவில் நடப்பதற்காகவே மறியல் செய்ய வேண்டியிருந்தது. கோயிற்கதவு 1936 நவம்பர் 12-இல் திறந்தது.

உணவுக்கடை இவற்றினின்றும் வேறானதாகவே பிறந்தது என்று கூறுவது உண்மையன்று. தமிழகத்துக் காப்பிக் கடைகளின் முகப்பில் ஒரு சாதியின் பெயரே விளம்பரமாக நின்றது. புகைவண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் தனியிடம் இருந்தது. கடைநிலையினர்க்குத் தேநீரைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்த கடைகளும், தனிக்குவளையைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட கடைகளும் உண்டு. இவை அனைத்தும் உண்மையே. ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. வீட்டுப் பந்தியில் நிகழும் விலக்கை எந்தச் சட்டமும் தொட இயலாது; அது அவரவர் வீடு. கடையோ பொதுவிடம். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் பதினைந்தாம் பிரிவு, கடைகளையும் பொது உணவகங்களையும் பெயர் சுட்டியே கூறி, அங்கு நுழைவதற்குச் சாதி தடையாகாது என்கிறது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இட்லிக்கடைக்கும் இடம் கிடைத்தது எனில் மிகையன்று. 1957-58-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்து சாதிப்பெயரை நீக்கப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை புகுந்தனர். ஒரு சொல்லுக்காக நடந்த போராட்டம் அது. சொல்லின் வலிமையைக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

புதுமைப்பித்தன் இதனை முன்னரே வேறொரு வகையில் கண்டவர். கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் கதையில், பூவுலகுக்கு வந்த கடவுளைப் பிள்ளை முதலில் அழைத்துச் செல்வது கோயிலுக்கன்று, காப்பிக் கடைக்கு. எவனென்று தெரியாதவனோடு ஒரே மேசையில் அமர்ந்து காப்பி குடிக்க முடிகிற ஓரிடம் நகரத்தில் உருவாகியிருந்ததால்தான் அக்கதையே நடக்க முடிகிறது.

நாஞ்சில் நாட்டுச் சாயாக்கடைக்கு வருவோர் இந்த வரலாற்றை எண்ணிக்கொண்டு வருவதில்லை, பசித்து வருகின்றனர். விடியற்காலையில் மூங்கிற்குழலிலிருந்து ஆவி பறக்கத் தள்ளப்படும் புட்டு, பயறு, பப்படம், மட்டிப்பழம். மாலையில் ரசவடையும் ஏத்தம்பழப் பஜ்ஜியும். கல்குளம், விளவங்கோடு பக்கம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். மரச்சீனி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விசாகம் திருநாள் மன்னர் அதனைத் திருவிதாங்கூரில் பரப்பினார். இரண்டாம் உலகப் போர்க்கால அரிசிப் பஞ்சத்தில் அதுவே பல்லாயிரவர் உயிரைக் காத்தது. கறியிலுள்ள மிளகாயும் அந்தக் கண்டத்தினதே. நாகர்கோவிலில் இன்று கிடைக்கும் பீட்சாவைக் கண்டு பண்பாடு கெட்டது என்று வருந்துவோர், இத்தாலியர்க்கும் தக்காளி அமெரிக்கா தந்த கொடைதான் என்பதை அறிந்தால் சற்று ஆறுதல் கொள்வர். இத்தாலியத் தெருக்களில் திராத்தோரியா எனப்படும் சிறு உணவகங்கள் உண்டு. ஒரு குடும்பமே சமைத்து, பரிமாறி, கல்லாவிலும் அமர்ந்து, அண்டையயலாரைப் பெயர் சொல்லி அழைத்து உணவிடும் இடங்கள் அவை. களியக்காவிளைச் சாயாக்கடைக்காரர் ஒருவரை அங்கு கொண்டுபோய் நிறுத்தினால் மொழி ஒன்றைத் தவிர வேறெதுவும் அவருக்கு அயலாகத் தோன்றாது.

இனி இலக்கியத்துக்கு வரலாம். சோற்றைப் பற்றி நாஞ்சில் நாடனைப் போல விரிவாக எழுதியவர் தமிழ்ப் புனைகதையில் அரியர். அவியலும் எரிசேரியும் புளிசேரியும் பிரதமனும் அவர் எழுத்தில் மணக்கும். ஆனால் அந்த மணத்தில் மயங்கியவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. அவர் கதைகளில் மனிதன் அவமானப்படுவது பெரும்பாலும் உறவினர் வீட்டிலும் ஊர்ப் பந்தியிலுமே. 1975-இல் தீபம் இதழில் வந்த அவருடைய முதற்கதை விரதம். ஒருவேளைச் சோற்றை எதிர்பார்த்து மகள்கள் வீட்டுக்குச் செல்லும் முதியவர், மற்றொருத்தி வீட்டில் உண்டிருப்பார் என ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொள்வதால், கேட்க நாவெழாமல் பசியோடு திரும்புகிறார். இடலாக்குடி ராசா கதையில் கல்யாணப் பந்தியில் அமர்ந்த வெள்ளையுள்ளத்தவன் ஒருவனின் இலையில் வேண்டுமென்றே எதுவும் இடாமல் விளையாட்டுச் செய்கின்றனர். அவன் எழுந்து போய்விடுகிறான். ஒரு சாப்பாட்டுக் கடையில் இது நடந்திராது. காசு வைத்தவனின் இலை காலியாக இருக்க முடியாது. அன்பு கொடுக்க மறந்ததை விலை கொடுத்துவிடுகிறது என்பது கசப்பான உண்மைதான், எனினும் உண்மை.

இதன் மறுகரைக்குச் செல்வது ஜெயமோகனின் சோற்றுக்கணக்கு. 2011-இல் வெளிவந்த இக்கதையில், குமரி மாவட்டத்து ஏழைச் சிற்றூரிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்கச் செல்லும் இளைஞன் மாமா வீட்டில் தங்குகிறான். மாமி இடும் ஒவ்வோர் அகப்பைக்கும் கணக்கிருக்கிறது. அது சொல்லிலும் பார்வையிலும் வெளிப்படுகிறது. சாலைக் கடைவீதியில் கெத்தேல் சாகிபின் சோற்றுக்கடை இருக்கிறது. உண்டவர் வாயிலருகே உள்ள பெட்டியில் இயன்றதைப் போட்டுச் செல்லலாம், போடாமலும் செல்லலாம். சாகிப் பார்ப்பதில்லை. அவர் கை கனத்த கை. மீனும் இறைச்சியும் மலைபோல் இலையில் விழுகின்றன. பின்னாளில் அவ்வளைஞன் சீட்டுப் பணத்தை முழுவதுமாக அப்பெட்டியில் போட்டு முடித்து இலைக்கு முன் அமரும்போதும், சாகிபின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எப்போதும் போலவே பரிமாறுகிறார்.

அன்பின் இலக்கணத்தைக் கூறும் கதை என்றே இது பெரிதும் போற்றப்பட்டுள்ளது. போற்றத்தக்கதே. ஆனால் அந்த அன்பு ஒரு கடையில் வைத்துக் காட்டப்பட்டிருப்பது தற்செயலன்று. மாமியும் கொடியவள் அல்லள். பற்றாக்குறை அடுப்பின் முன் நிற்பவள் அவள். உறவில் கணக்கும், வாணிகத்தில் கணக்கின்மையும் இடம் மாறி நிற்பதே கதையின் உயிர். பெயர் கேட்காமல் உணவிடுவதற்கு ஒரு கடை வேண்டியிருந்தது. வீட்டில் அது நடந்திராது.

அந்த மாமியிடம் சற்றே நிற்க வேண்டும். ஏனெனில் இதுவரை கூறியவற்றுள் உண்டவர் அனைவரும் ஆடவர். ஆதிரை இட்டாள்; மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி நாட்டுக்கே ஊட்டினாள். மணிமேகலை உண்ட காட்சி எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? காப்பியத்தில் உண்பவளாக நெஞ்சில் நிற்கும் பெண் யானைத்தீ நோயால் தீராப் பசி கொண்ட காயசண்டிகை ஒருத்தியே. அவளது உண்ணலும் சாபம். கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தில் கதை சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. அவள் துயரங்களுள் பெரும்பகுதி அடுக்களையைச் சுற்றியே நிகழ்கிறது.

நாஞ்சில் நாட்டு வீடுகளில் கடைசிப் பந்தி பெண்களுடையது. அதிலும் பரிமாறுபவள் அதற்கும் பின்னவள். ஆறிய சோற்றையும் சட்டியடியில் தங்கிய கறியையும் தானே இட்டுக்கொண்டு உண்பதைப் பண்பாடு தியாகம் என்று பெயரிட்டு முடித்துவிட்டது. சாயாக்கடையும் அவளுக்கு உரியதாக இல்லை. பெஞ்சுகள் ஆண்களுடையவை, செய்தித்தாளும் அரசியலும் ஆண்களுடையவை. நகரத்து ஓட்டல்களில் பேமிலி ரூம் என எழுதிய சிற்றறைகள் வந்தபோது, பச்சைத் துணித்திரைக்குப் பின்னே அவளுக்கும் ஓர் இருக்கை கிடைத்தது. கணவனோ தந்தையோ உடன் வர வேண்டும். தனியே வந்தவளைப் பரிமாறுபவர் முதல் பக்கத்து மேசைக்காரர் வரை ஏற இறங்கப் பார்த்தனர்.

திரைக்குப் பின்னாலாயினும், அந்தச் சிற்றறையில் ஒன்று நடந்தது. இலை விரிக்கப்பட்டது, சூடான சோறு அவளுக்கு முதலில் இடப்பட்டது, இன்னும் வேண்டுமா என்று ஒருவர் அவளைக் கேட்டார். வீட்டில் பல்லாண்டுகளாக அவள் பிறரிடம் கேட்டுவந்த கேள்வி அது. தேநீர்க்கடையைப் புரட்சியின் மேடையாகவும் பசியை முழக்கமாகவும் பாடிய கவிதைகள் இவ்வட்டத்தில் அரங்கேறியிருக்கின்றன. அக்கேள்விக்கு அவள் என்ன விடை கூறினாள் என்பதைப் பாடிய கவிதை இன்னும் வரவில்லை.

இட்லிச் சட்டியை வாசலில் வைத்துக் கடை நடத்தும் கைம்பெண்கள் இம்மாவட்டத்துத் தெருக்கள்தோறும் உண்டு. வெள்ளாவியும் விறகுப்புகையும் கலந்து முகத்தில் அடிக்க, நாலணா இட்லியிலிருந்து இன்றைய விலைவரை கண்டவர்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். கூவியரைப் போலவே இவர்களும் விற்று முடிந்ததும் பாத்திரங்களின் அருகில் சற்றே கண்ணயர்கின்றனர். விற்காத இரண்டு இட்லி அன்று அவர்களுக்கு இரவு உணவு.