கம்பெனிக்கு ஒரு திவால், நமக்கு ஒரு திவால்

(கடம்பூரில் நடந்த ஓர் அம்பேத்கர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களுக்கும், முன்வரிசையில் பீடியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கும், தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து நேரே வந்திருக்கிற அக்காமார்களுக்கும் வணக்கம். ஜெய்பீம்.

கம்பெனிகள் திவாலாவதைப் பற்றியும் மருந்து ஆராய்ச்சியைப் பற்றியும் பேசப் போகிறேன் என்றதும், கூட்டம் ஏற்பாடு செய்த அண்ணன் கேட்டார்: "நம்ம தெருவுல எவன்யா கம்பெனி வச்சிருக்கான்?" யாரும் வைத்திருக்கவில்லை. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

என் பெரியப்பா இந்தப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் 22 வருஷம் வேலை பார்த்தார். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். ஒருநாள் காலை ஷிப்ட்டுக்குப் போனவர் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். "முதலாளி மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாராம்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் சின்னப் பையன். அந்தக் கடுதாசி பெரியப்பாவுக்கு எப்போது வரும், அதில் எவ்வளவு பணம் இருக்கும் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். பெரியம்மா சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பி.எஃப். சீட்டு, ஈ.எஸ்.ஐ. கார்டு, கடைசி மாதச் சம்பளக் கவர் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு பெரியப்பா உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் போன பிறகும் அந்தப் பை அங்கேதான் தொங்கியது. என் ஆய்வு அந்தப் பையிலிருந்து தொடங்கியது என்று சொன்னால் என் நெறியாளர் கோபித்துக்கொள்வார், ஆனால் உண்மை அதுதான்.

மஞ்சள் கடுதாசி என்று நாம் சொல்வது திவால் மனு. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோர்ட்டில் ஐ.பி. கொடுப்பது. நம் ஊரில் ஐ.பி. கொடுத்தவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள், டீக்கடையில் கூடக் கடன் நிற்கும். கம்பெனிகளுக்கு இந்த அவமானம் எதுவும் கிடையாது. அவர்களுக்காக 2016இல் புதிதாக நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு வந்தது. மே மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, அக்டோபரில் கண்காணிப்பு வாரியம் அமைத்தார்கள், டிசம்பர் 1ஆம் தேதி கம்பெனிகளுக்கான பகுதி நடைமுறைக்கு வந்துவிட்டது.

அதே சட்டத்தில் நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு பகுதி எழுதியிருக்கிறார்கள். 'புதிய தொடக்கம்' என்று அதற்குப் பெயர். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. சொத்து மதிப்பு 20,000 ரூபாய்க்குள், கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு கூடாது. இப்படிப்பட்ட ஒருவர் விண்ணப்பித்தால் அந்தக் கடனிலிருந்து அவரை விடுவிக்கலாம். குழுக் கடன் தவணைக்காக வாரா வாரம் வாசலில் வந்து நிற்கிற ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகை போதாது, வருமான வரம்பும் கேலிக்கூத்து. இருந்தாலும் ஏழைக் கடனாளியை மனதில் வைத்து எழுதிய பகுதி அது ஒன்றுதான். நான் இங்கே நின்று பேசுகிற இந்த நாள் வரை ஒன்றிய அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. தனிநபர்களில், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் கதவைத் திறந்தார்கள். ஒரே புத்தகம், ஒரே அச்சு. மேலத்தெருப் பக்கங்கள் அமலில் இருக்கின்றன, நம் தெருவுக்கான பக்கம் அட்டைக்குள் மடங்கிக் கிடக்கிறது.

சரி, கம்பெனி விழுந்தால் உள்ளே என்ன நடக்கிறது? சென்னையிலோ மும்பையிலோ இருக்கிற தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்கும். தீர்வு நிபுணர் என்று ஒருவர் வந்து கம்பெனியைக் கையில் எடுப்பார். கடன் கொடுத்தோர் குழு கூடும். கம்பெனியை யாருக்கு, எவ்வளவுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். அதில் ஓட்டு வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான். தொழிலாளிக்கு எட்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், அதுவும் அவர் கம்பெனிக்குக் கொடுத்த கடன்தானே? சட்டமும் அவரைக் கடன் கொடுத்தவர் என்றே ஒப்புக்கொள்கிறது. ஆனால் இந்த வகைப் பாக்கி எல்லாம் சேர்ந்து மொத்தக் கடனில் 10 விழுக்காடாவது இருந்தால்தான் அவர்கள் சார்பில் ஒருவர் கூட்டத்தில் உட்காரலாம். உட்காரலாம், அவ்வளவுதான். ஓட்டு கிடையாது. பஞ்சாயத்தில் நம் ஆட்களைத் தரையில் உட்கார வைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2019 ஏப்ரலில் ஒரு சணல் ஆலை வழக்கில், தொழிற்சங்கமே திவால் மனு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. அடுத்த ஆண்டு மார்ச் 24ஆம் தேதி, நாடே ஊரடங்குக்குள் போன அதே நேரத்தில், மனு போடுவதற்கான குறைந்தபட்சப் பாக்கியை ஒரு லட்சம் ரூபாயிலிருந்து ஒரு கோடியாக்கி அரசு அறிவிப்பு வெளியிட்டது. சிறு கம்பெனிகளைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னார்கள். கொரோனா போய்விட்டது, ஒரு கோடி போகவில்லை. முப்பது பேர் வேலை செய்கிற பட்டறையில் ஒரு கோடி ரூபாய் சம்பளப் பாக்கி சேர எத்தனை வருஷம் பட்டினி கிடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கம்பெனியைக் கலைத்து விற்றால் தொழிலாளிக்கு முன்னுரிமை உண்டு என்பார்கள். உண்டு. நடைமுறைச் செலவெல்லாம் போக, கடைசி 24 மாதப் பாக்கிக்கு மட்டும், ஈட்டுக்குக் கடன் கொடுத்த வங்கிகளோடு சமமாக. பழைய பாக்கி கீழே போய்விடும். மோசர் பேர் கம்பெனியை இளைஞர்களுக்கு நினைவிருக்கும், மலிவு விலைக்குத் தமிழ்ப்பட சி.டி. விற்றார்களே, அவர்கள்தான். அந்தத் தொழிலாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பழைய கம்பெனிச் சட்டத்தில் இருந்த முன்னுரிமை புதிய சட்டத்தில் கிடையாது என்று 2023 மே மாதம் தீர்ப்பு வந்தது. பி.எஃப்., கிராஜுட்டி நிதியை மட்டும் விற்பனைக் கணக்கில் சேர்க்க முடியாது.

இதிலும் 'தொழிலாளி' என்றால் யார்? கம்பெனி மஸ்டர் ரோலில் பெயர் உள்ளவர். கக்கூஸ் கழுவுகிறவரும் குப்பை அள்ளுகிறவரும் லோடு ஏற்றுகிறவரும் பெரும்பாலும் காண்டிராக்டர் ஆள். அவருடைய பாக்கி கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் காண்டிராக்டருக்குத் தர வேண்டிய பில்லாகத்தான் இருக்கும். அந்த வேலைகளில் எந்தச் சாதி நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1928இல் பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, தீண்டப்படாதோரை நெசவுப் பிரிவில் சேர்க்காமல் ஒதுக்குவதை நீங்கள் ஏன் எதிர்ப்பதில்லை என்று தொழிற்சங்கத் தலைவர்களை பாபாசாகேப் கேட்டார். அறுந்த நூலை வாயில் வைத்து இழுக்க வேண்டும், அதனால் தீட்டு என்பது அன்றைய காரணம். இன்று காரணம் சொல்லத் தேவையே இல்லை, ரோலில் பெயர் இல்லை என்றால் முடிந்தது.

இனி மருந்துக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றாகச் சேருகிற இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஆர்க்கிட் பார்மா. 1992இல் தொடங்கிய சென்னைக் கம்பெனி, தொழிற்சாலை ஆலத்தூரில். ஆண்டிபயாடிக் தயாரிப்பில் பெரிய பெயர். கடனில் விழுந்து, 2017 ஆகஸ்டில் லட்சுமி விலாஸ் வங்கியின் மனுவின் பேரில் திவால் நடவடிக்கைக்குள் வந்தது. வங்கிகளுக்கு 3,000 கோடிக்கு மேல் பாக்கி. அந்த வங்கிகளில் ஸ்டேட் வங்கி போன்ற பொதுத்துறை வங்கிகள் உண்டு, அதாவது உங்கள் சேமிப்பும் நூறு நாள் வேலைக் கூலியும் போய் விழுகிற கணக்குகள் உள்ள வங்கிகள். கடைசியில் தனுகா லேபரட்டரீஸ் ஏறத்தாழ 1,116 கோடிக்குக் கேட்டது. கம்பெனியைக் கலைத்து உதிரி உதிரியாக விற்றாலே ஏறத்தாழ 1,309 கோடி வரும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். இதைச் சுட்டிக்காட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் அனுமதித்தது. கலைப்பு மதிப்புக்குக் குறைவாக இருந்தாலும் வங்கிகளின் வணிக அறிவில் நாங்கள் தலையிட மாட்டோம் என்பது சட்டத்தின் நிலை. அந்த ஆண்டு நவம்பரில் பங்குச் சந்தையில் 18 ரூபாய்க்குத் திரும்பி வந்த பங்கு சில மாதங்களில் 2,000 ரூபாயைத் தாண்டியது. வெளியே விற்பனைக்கு இருந்த பங்குகள் மிகச் சொற்பம் என்பதுதான் அந்த வித்தையின் ரகசியம். மனு போட்ட கரூர்க்கார லட்சுமி விலாஸ் வங்கியோ அதே நவம்பரில் தானே மூழ்கி, சிங்கப்பூர் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. அதன் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை.

ஆர்க்கிட்டின் சென்னை ஆய்வுக்கூடத்தில் என்மெட்டாசோபாக்டம் என்று ஒரு மூலக்கூறைக் கண்டுபிடித்திருந்தார்கள். மருந்துக்கு மசியாத கிருமிகளை மசிய வைக்க ஆண்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுப்பது. ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்கு 2013இல் உரிமம் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தக் கூட்டு மருந்துக்கு அனுமதி வழங்கியது. இந்தியாவில் பிறந்த மூலக்கூறு என்று பெருமையாக எழுதினார்கள், பெருமைதான். ஆனால் பொதுத்துறை வங்கிகள் பாக்கியை விட்டுக்கொடுத்தபோது, 'இந்த மருந்து வெற்றி பெற்றால் அரசு ஆஸ்பத்திரிக்கு இன்ன விலைக்குத் தர வேண்டும்' என்று ஒரு நிபந்தனை போடும்படி வங்கிகளைக் கட்டாயப்படுத்துகிற விதி எதுவும் சட்டத்தில் இல்லை. சுகாதாரத் துறைக்கு அந்த மேசையில் நாற்காலியும் இல்லை. திவால் வாரியம் தீர்வு நிபுணரின் நடத்தையைக் கண்காணிக்கும், வங்கிகளின் முடிவைக் கேட்காது. சென்னையின் சிவா இண்டஸ்ட்ரீஸ் 4,800 கோடிக்கு மேல் பாக்கி வைத்து, 330 கோடிக்கும் குறைவாகத் தருகிறோம் என்று வந்தது. தீர்ப்பாயம் மறுத்தது, 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதே வணிக அறிவைச் சொல்லி அனுமதித்தது. சில கம்பெனிகளில் வங்கிகள் 95 விழுக்காடு வரை இழப்பதை 2021 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிதிக் குழுவே கேள்வி கேட்டது. 35,000 ரூபாய்க்கு மட்டும் அந்த வணிக அறிவு வேலை செய்வதில்லை.

ஆர்க்கிட்டில் போனது வங்கி வழியாகப் போன பொதுப்பணம். நேரடியாக அரசே ஆராய்ச்சியில் இறங்கினால்? கோவாக்சினைப் பாருங்கள். கிருமியைப் பிரித்தெடுத்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புனே நிறுவனம். பரிசோதனைக்குக் கழகம் செலவிட்டது ஏறத்தாழ 35 கோடி என்று அரசே சொன்னது. பதிலுக்கு விற்பனையில் 5 விழுக்காடு ராயல்டி. 2021 ஏப்ரலில் பாரத் பயோடெக் முதலில் அறிவித்த விலை ஒரு டோசுக்கு மாநில அரசுகளுக்கு 600, தனியார் மருத்துவமனைகளுக்கு 1,200 ரூபாய். கம்பெனி கொடுத்த காப்புரிமை விண்ணப்பத்தில் கழகத்தின் பெயரே இல்லை என்பது பத்திரிகையில் வந்த பிறகு, 2024 ஜூனில் சேர்த்தார்கள். கவனக்குறைவு என்றார்கள். நம் ஊரில் பங்காளி பட்டாவில் பெயர் விட்டுப்போனால் யாராவது கவனக்குறைவு என்று நம்புவார்களா?

பணம் கொடுப்பதோடு நின்றால் பரவாயில்லை. உடம்பையும் கொடுத்திருக்கிறோம். காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு. அதில் பங்கெடுத்தவர்கள் சென்னையின் ஏழைகள். அது நேர்மையான பொது ஆராய்ச்சி, அதன் பலன் எல்லோருக்கும் போனது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் நடந்தது. அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தியது, மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூட்டாளி. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்களில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடி, தலித் சிறுமிகள். ஆந்திரத்தில் ஆராய்ந்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதி வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள், 1,948இல் கைநாட்டு. நாடாளுமன்றக் குழு 2013இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் காலத்தில் நடந்த இறப்புகளுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று அரசு அமைத்த குழு சொன்னது. நான் தடுப்பூசிக்கு எதிரி அல்ல, என் தங்கச்சி மகளுக்கு அந்த ஊசியைப் போடச் சொல்லித்தான் இருக்கிறேன். கேள்வி ஊசியைப் பற்றியது அல்ல. விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு அப்பா அம்மா உண்டு என்பது கண்காணிக்க வேண்டிய அரசுக்கே தோன்றாமல் போனதைப் பற்றியது.

வேறு மாதிரியும் நடக்கலாம் என்பதற்கு இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் சாட்சி இருக்கிறது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் வந்தது. அங்கே தேர்வு செய்த கருங்கண்ணிப் பருத்தி 'கே' ரகங்களை, கே என்றால் கோவில்பட்டி, நம் தாத்தாக்கள் விதைத்தார்கள், மறுவருஷத்துக்கு எடுத்து வைத்தார்கள், சம்பந்தி வீட்டுக்கும் கொடுத்தார்கள். யாரும் ராயல்டி கேட்கவில்லை. அந்தக் காட்டில் நிலம் யார் பெயரில் இருந்தது என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நாம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். 'புதிய தொடக்கம்' பகுதியை, வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு உயர்த்தி, அமலுக்குக் கொண்டுவர வேண்டும். சம்பளப் பாக்கிக்கு மட்டுமாவது அந்த ஒரு கோடி வரம்பை நீக்க வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளியின் பாக்கியைக் கம்பெனியின் பாக்கியாகக் கணக்கெடுக்க வேண்டும். பொதுப்பணம் போன மருந்து ஆராய்ச்சியின் ஒப்பந்தங்களைக் கையெழுத்தான அன்றே வெளியிட வேண்டும். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் முதல் இரண்டையும் நாளைக்கே கேள்வியாக வைக்கலாம்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனால் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிப்பு வரும். பாக்கி கேட்டு மனுக் கொடுக்க 14 நாள். தவறவிட்டாலும் 90 நாள் வரை விடாமல் கொடுத்துப் பாருங்கள். தொழிலாளி தனியாகக் கொடுத்தால் படிவம் டி, எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் கொடுத்தால் படிவம் ஈ. இரண்டையும் தமிழில் விளக்கம் எழுதி 50 பிரதி எடுத்து வந்திருக்கிறேன், பின்வரிசையில் தம்பி கையில் இருக்கிறது. வீட்டில் உத்தரத்தில் துணிப்பை தொங்குகிறவர்கள் அதை இறக்கிக்கொண்டு வாருங்கள். கடைசி பாசஞ்சருக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிடலாம்.