யார் பார்த்துச் சொன்னது?



1930களில் நியூயார்க் நகரப் பள்ளிகளிலிருந்து 11 வயதுப் பிள்ளைகள் 1,000 பேரை ஓர் ஆய்வுக்கு எடுத்தார்கள். அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மீதி 389 பேரை மருத்துவர்கள் பார்த்து, 174 பேருக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் அதில் 99 பேருக்கு வேண்டும் என்றார்கள். எஞ்சிய 116 பேரை இன்னொரு குழு பார்த்தது. கடைசியில் கத்திக்குத் தப்பியவர்கள் 65 பேர்தான்! யார் வந்து நின்றாலும் பாதிக்குச் சற்றுக் குறைவான பேரைப் பிரித்தெடுப்பது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

இவர்கள் தேர்ந்த மருத்துவர்கள்தாம். ஆனால் எது வீக்கம், எது இயல்பு என்பதற்குப் பொது அளவுகோல் இல்லை. புது மருந்தைச் சோதிக்கும்போது இந்த முரண் பெரிய இடைஞ்சல். ஒருவர் 'தேறிவிட்டார்' என்பதை இன்னொருவர் 'அப்படியே இருக்கிறார்' என்றால், மருந்தின் மெய்யான பலன் அந்தக் குழப்பத்தில் மறைந்துபோகும். அதை ஈடுகட்டக் கூடுதல் நோயாளிகளைச் சேர்க்க வேண்டிவரும். மருந்து யாருக்குப் போனது என்று தெரிந்துவிட்டாலோ, பார்ப்பவரின் மனம் தன்னை அறியாமலே அந்தப் பக்கம் சாயும்.

1948இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை இதற்கு ஒரு வழி காட்டியது. காசநோயாளிகள் 107 பேர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி என்று நான்கு மாதம் போட வேண்டிய மருந்து அது. மற்றவர்களுக்கு வெற்று ஊசி போடவில்லை. ஆகவே சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கு யாருக்கு மருந்து என்பது தெரியும். எக்ஸ்ரே படங்களைப் பார்த்த மூவருக்கோ அது தெரியாது. அவர்கள் தனித்தனியே பார்த்து எழுதினார்கள்; கருத்து வேறுபட்ட படங்களைப் பிறகு கூடிப் பேசி முடிவு செய்தார்கள். ஆறு மாதத்தில் படத்தில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள், மருந்து பெற்றவர்களில் 51 சதவீதம், பெறாதவர்களில் 8 சதவீதம். எவரும் சந்தேகிக்க இடமில்லாத வேறுபாடு.

இன்று இன்னும் ஒரு படி போகிறார்கள். சோதனை தொடங்கும் முன்பே மருத்துவர்களுக்கு ஒரே மாதிரிப் படங்களைக் கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். அதே படத்தைச் சில நாள் கழித்துத் திரும்பக் காட்டி, அவர் தம் பேச்சோடு தாமே ஒத்துப்போகிறாரா என்றும் பார்க்கிறார்கள்.

இனி ஒரு புது மருந்தைப் பற்றிய செய்தி வந்தால், எத்தனை பேருக்குக் குணமானது என்பதோடு நிற்க வேண்டாம். குணம் என்று சொன்னது யார், சொல்லும்போது அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்றும் கேளுங்கள்.