இந்த நோட்டில் எழுதிக்கொள்கிறோம்

ஊர்ப் பெரியவர்களே, வலையை மடித்து வைத்துவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே, மீன் கூடையை இறக்கிய கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, அக்காக்களே, தாழங்குப்பத்திலிருந்தும் எண்ணூர்க்குப்பத்திலிருந்தும் முகத்துவாரக்குப்பத்திலிருந்தும் வந்திருக்கும் சொந்தங்களே, மாநகராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறோம் என்று சொல்லி இந்த மேடையில் அமர்ந்திருக்கும் வேட்பாளர்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

2022 பிப்ரவரி 19ஆம் தேதி வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். மார்ச் 2ஆம் தேதி கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். அந்த ஐந்து வருஷக் கணக்கு தீர்கிற நேரம் இது. இனி ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். ரோடு போடுகிறேன், லைட் போடுகிறேன், கால்வாய் தூர் வாருகிறேன் என்பார்கள். போடட்டும், வாரட்டும். அதெல்லாம் நாம் வரி கட்டிக் கேட்கிற வேலை. இந்தக் கூட்டத்தைக் கூட்டியது அதற்காக இல்லை. நம்மைப் படுத்துகிற நாலைந்து விஷயத்தில், நிற்கப் போகிறவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்கத்தான் இந்தக் கூட்டம்.

ஏன் அப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 26, நடுராத்திரி நெருங்குகிற நேரம். பெரியகுப்பத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி போன் பண்ணினாள். "அக்கா, கண்ணு எரியுது, மூச்சு விட முடியல, எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியல" என்றாள். பின்னால் பிள்ளைகள் இருமுகிற சத்தம் கேட்கிறது. கடலுக்கடியில் போகிற ஓர் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா வெளியே வந்துவிட்டது. அது என்ன வாயு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "ரோட்டுக்கு வந்துடு" என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. கைக்குழந்தையோடும் கட்டிய துணியோடும் ஜனங்கள் ரோட்டில் ஓடினார்கள். கிடைத்த ஆட்டோ, கிடைத்த பைக், கிடைத்த லாரி. ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆலை வாசலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, ஒரு கன மீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய அம்மோனியா 2,090 இருந்தது.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மோனியா தண்ணீரில் கரையும். ஈரத் துணியை மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொண்டு, காற்று வீசுகிற திசைக்குக் குறுக்கே நடந்து வெளியேற வேண்டும். இவ்வளவுதான். இரண்டே வரி. இதைச் சொல்லிக்கொடுக்க இந்த ஊரில் ஆள் இருந்திருந்தால், என் தங்கச்சி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்கும். ஆலைகள் விபத்துத் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஒத்திகை நடத்த வேண்டும் என்று 1989ஆம் வருஷத்து விதியே இருக்கிறது. 1996இல் வந்த இன்னொரு விதி, மாவட்டத்துக்கு ஒன்று, உள்ளூருக்கு ஒன்று என்று நெருக்கடிக் குழுக்கள் அமைக்கச் சொல்கிறது. அம்மாக்களே, கையைத் தூக்கிச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் யாராவது வந்து ஒத்திகை நடத்தியிருக்கிறார்களா? ஒரு கைகூட மேலே வரவில்லை. மேடையில் இருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே மாதம் இருபது நாளைக்கு முன்னால்தான் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக நம் கொசஸ்தலையாற்றுக்கு வந்தது. அந்தக் காலையில் கரையில் நின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கட்டியிருந்த ஃபைபர் போட்டெல்லாம் தண்ணிக்கோடு வரைக்கும் தார் பூசினாற்போல் கறுப்பாக இருந்தது. சித்தப்பா வலையைத் தூக்கினார், பிசுபிசுவென்று கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்படியே கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கொக்கு ஒன்று இறக்கை விரிக்க முடியாமல் மேட்டில் நின்றது. அரசாங்கம் 8 கோடியே 68 லட்சம் ரூபாய் அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் 2,301க்குத் தலா 12,500. போட்டுகள் 787க்குத் தலா 10,000. மற்றக் குடும்பங்கள் 6,700க்குத் தலா 7,500. கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பத்தாயிரத்தில் போட்டைத்தான் தேய்க்கலாம், வலையை வாங்க முடியாது. ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்கிற பெண்ணும், கருவாடு காய வைக்கிற ஆயாவும், கையால் தடவி இறால் பிடிக்கிறவரும் எந்தப் பட்டியலில் வருவார்கள் என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன். 2017 ஜனவரி 28. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. பக்கெட்டை வைத்துக்கொண்டு மனுஷர்கள் எண்ணெயை அள்ளினார்கள். அப்போது நமக்குக் கவுன்சிலரே கிடையாது. 2016 அக்டோபரோடு பழைய மன்றம் முடிந்துபோய், ஐந்து வருஷத்துக்கு மேல் தேர்தலே நடக்காமல் கிடந்தது. 2023இல் கவுன்சிலர் இருந்தார், மேயர் இருந்தார், மன்றம் இருந்தது. கவுன்சிலர் இல்லாத வருஷத்துக்கும் இருக்கிற வருஷத்துக்கும் நம் ஆற்றங்கரையில் என்ன வித்தியாசம் தெரிய வேண்டும்? இந்தத் தேர்தலில் முடிவு செய்ய வேண்டியது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வேட்பாளர்கள் சொல்லப்போகிற பதில் எனக்குத் தெரியும். "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லைம்மா." உண்மைதான். ஆறு நீர்வளத் துறையுடையது. சாம்பல் மின்சாரத் துறையுடையது. புகை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது. போட்டும் வலையும் மீன்வளத் துறையுடையது. கன்டெய்னர் லாரி துறைமுகத்துக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் நடுவில் நிற்கிறது. மாநகராட்சிக்கு மிச்சம் இருப்பது தெரு, விளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம். ஒரு கவுன்சிலர் அனல்மின் நிலையத்தை மூட முடியாது. அப்படி வாக்குக் கொடுக்கிறவரை நம்ப வேண்டாம்.

ஆனால் கவுன்சிலருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. ரிப்பன் மாளிகை மன்றத்தில் எழுந்து பேசலாம். பேசியது பதிவேட்டில் ஏறும். தீர்மானம் கொண்டு வரலாம். நூறு வருஷத்துக்கு முன்னால், 1925இல், அந்த மாநகராட்சிக்கு உறுப்பினராகப் போனவர் நம்மவர், மீனவர் வீட்டுப் பிள்ளை சிங்காரவேலர். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923இல் இதே சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய மனிதர். வெள்ளைக்காரன் ஆட்சி. அவர் கையில் எந்த டிபார்ட்மென்ட்டும் இல்லை. அதற்காக அவர் வாயை மூடிக்கொண்டு உட்காரவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2011 வரைக்கும் நம் கத்திவாக்கம் தனி நகராட்சி. குறை சொல்ல நடந்தே போய்விடுவோம். சென்னையோடு சேர்த்த பிறகு மண்டல அலுவலகம் திருவொற்றியூரில், மன்றம் ரிப்பன் மாளிகையில். அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்தன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபை முதன்முறையாகக் கூடியது. கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ, அப்படி நமக்கு அது. இந்தப் பகுதி வாக்காளர் எல்லாருக்கும் அதில் பேச உரிமை உண்டு. ஆகவே அதை எங்கே கூட்டப் போகிறீர்கள் என்பதும் என் கேள்வி. போட்டு கட்டுகிற கரைக்குப் பக்கத்தில், சாயங்காலம், பெண்கள் வியாபாரம் முடித்து வந்த பிறகு கூட்டுவீர்களா? இல்லை, காலை பதினோரு மணிக்கு, யாரும் வர முடியாத ஓர் இடத்தில், பத்துப் பேர் கையெழுத்தோடு முடித்துவிடுவீர்களா?

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

என் ஆயா கொசஸ்தலையாற்றில் இடுப்பளவு தண்ணியில் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்தவள். பறியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். விரல் பட்டதும் அது வெள்ளை இறாலா, கருப்பு இறாலா என்று சொல்லிவிடுவாள். அந்தச் சேறு மெத்து மெத்தென்று இருக்கும் என்பாள். இன்றைக்கு அந்த இடத்தில் இறங்கிப் பாருங்கள். ஓர் இடத்தில் காலில் படுவது சாம்பல், சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிற குழாய்கள் வருஷக்கணக்காக ஒழுகி ஆற்றில் இறங்கிய சாம்பல் அது. வேறோர் இடத்தில் காலைக் கிழிப்பது காக்கா ஆழி. நம் கடலில் இல்லாத சிப்பி. கப்பல்கள் பாரத்துக்கு நிரப்பிக்கொண்டு வந்து இங்கே கொட்டுகிற தண்ணீரோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கம்பளம் விரித்தாற்போல் ஆற்றின் அடியை மூடிவிட்டது. அதற்குக் கீழே மட்டியும் வாழாது, இறாலும் புதையாது. சாம்பலைக் கொட்டியவர் ஒருவர், சிப்பியைக் கொண்டுவந்தவர் இன்னொருவர், கால் கிழிவது நமக்கு.

1996இல் அங்கீகரித்த கடற்கரை மண்டல வரைபடத்தில் இந்தக் கழிமுகம் முழுசாக இருக்கிறது, சுமார் 6,500 ஏக்கர். பிறகு வந்த வரைபடத்தில் அது காணாமல் போனது. தண்ணீர் இருக்கிற இடத்தைத் தாளில் தரையாக்கிவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்டவர்கள் நம் மீனவர்களும் அவர்களுக்குத் துணை நின்ற ஆர்வலர்களும்தான். வேட்பாளர்களே, உங்கள் கட்சி எதுவாகவும் இருக்கட்டும். 1996 வரைபடத்தை ஒத்துக்கொள்கிறீர்களா? அந்த எல்லைக்குள் இனி ஒரு லாரி மண்கூடக் கொட்டக்கூடாது என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டு வருவீர்களா? கொண்டு வந்தால் அது தோற்கலாம். தோற்றாலும் நம் பெயரில் பதிவாகும்.

அடுத்தது எண்ணூர் அனல்மின் நிலையம். 1970இல் ஓடத் தொடங்கி 2017 மார்ச்சில் நின்ற ஆலை. அது நின்றபோது மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் சாம்பல் படியாது என்று எத்தனை பேர் சந்தோஷப்பட்டோம்! இப்போது அதே இடத்தில் 660 மெகாவாட் ஆலைக்கு 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். நம் ஜனங்கள் போய்ப் பேசினார்கள். வேலை வரும் என்று நம்புகிற பிள்ளைகளும் நம் தெருவில் இருக்கிறார்கள், அவர்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் 450 மெகாவாட் ஓடிய அத்தனை வருஷமும் இந்தக் குப்பத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உள்ளே நிரந்தர வேலை கிடைத்தது என்று வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள். நான் வேண்டாம் என்கிற பக்கம். வேட்பாளர்கள் எந்தப் பக்கம்? "மேலிடம் முடிவு செய்யும்" என்ற பதிலையும் எழுதிக்கொள்வோம்.

கன்டெய்னர் லாரியைப் பற்றி நான் நீட்ட மாட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்திலும் விடுகிற நேரத்திலும் லாரியை நிறுத்தச் சொல்லிப் போலீசுக்கும் துறைமுகத்துக்கும் கடிதம் எழுத ஒரு கவுன்சிலருக்கு லெட்டர்பேட் போதும். எழுதுவீர்களா, மாட்டீர்களா?

முகத்துவாரம் மண் மூடுகிறது. போட்டு தரை தட்டுகிறது. இது மாநகராட்சி வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கொசஸ்தலை வடிநிலத்துக்கென்று ஆசிய வளர்ச்சி வங்கியிடம் கடன் வாங்கி மழைநீர் வடிகால் கட்டுகிறது மாநகராட்சி. அந்தத் தண்ணீரெல்லாம் கடைசியில் நம் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வாய் அடைத்திருந்தால் வயிறு என்ன ஆகும்? மேலே வடிகால் கட்டுகிறவர்கள் கீழே முகத்துவாரத்தைப் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டும். இதை மன்றத்தில் சொல்ல, இந்தக் கரையைத் தெரிந்த ஒருவரால்தான் முடியும்.

கடைசியாக, முன்னே சொன்ன அந்த நிவாரணப் பட்டியல். அடுத்த விபத்து வருவதற்கு முன்பே, பகுதி சபையில் எல்லார் முன்னிலையிலும் ஒரு பதிவேடு எழுத வேண்டும். போட்டு வைத்திருப்பவர், கூலிக்குப் போகிறவர், கூடை சுமப்பவர், வலை பின்னுகிறவர், கருவாடு போடுகிறவர், எல்லார் பெயரும் அதில் ஏற வேண்டும். பெண்கள் பெயர் அவரவர் தொழிலோடு, தனியாக.

இதோ என் கையில் இருப்பது நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் கேள்விகளை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வேட்பாளருக்கும் நாலு பக்கம். நீங்கள் சொல்வதை அப்படியே எழுதி, உங்கள் முன்னாலேயே படித்துக் காட்டி, கீழே கையெழுத்து வாங்கிக்கொள்வோம். ஜெயித்தவருடையதும் இருக்கும், தோற்றவருடையதும் இருக்கும். இந்த நோட்டு நம் படிப்பகத்தில் பேப்பர் படிக்கிற மேசைமேல் ஐந்து வருஷமும் கிடக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

முதல் வேட்பாளர் அவர்கள் மைக்குக்கு வரலாம். கேள்வி ஒன்று: அம்மோனியா மறுபடி வந்தால், பெரியகுப்பத்தில் இருக்கிற என் தங்கச்சி எந்தப் பக்கம் ஓட வேண்டும், அதை அவளுக்கு யார், எப்போது வந்து சொல்வார்கள்?