புலியைப் பார்க்காமல் திரும்பியவன்

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, அதைக் கண்ணாரப் பார்க்க விடியற்காலையிலேயே பேருந்து ஏறி வந்திருக்கும் பெற்றோரே,

அந்தக் கறுப்பு அங்கிக்குள் எவ்வளவு புழுங்கும் என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

உங்கள் வயதில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து மத்திய இந்தியக் காடு ஒன்றுக்குப் போனேன். மூன்று நாள் ஜீப்பில் சுற்றியும் புலி கண்ணில் படவில்லை. ஓட்டுநரிடம் எரிந்து விழுந்தேன். அவர் காட்டோரக் கிராமத்துக்காரர். தன் மாட்டைப் புலி அடித்த கதையை அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைக் கேட்காமல் வந்ததுதான் பெரிய நஷ்டம் என்று உறைக்கப் பல வருடமாயிற்று.

காடு வேறு, அதன் ஓரத்து மனிதர்கள் வேறு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கோயிலுக்கு ஒரு டூர், காட்டுக்கு இன்னொரு டூர் என்று பிரித்தது டிராவல்ஸ்காரர்கள். ஊர்களில் அந்தப் பிரிவினை கிடையாது. ராஜஸ்தானில் பலோடி பக்கம் கீச்சன் என்றொரு கிராமம். குளிர்காலத்தில் மங்கோலியப் புல்வெளிகளிலிருந்து கொக்குகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து இறங்கும். அவற்றை அங்கே குர்ஜா என்கிறார்கள். ஊரார் தினமும் தானியம் இறைக்கிறார்கள். பிழைக்கப் போன கணவனுக்குச் சேதி சொல்லச் சொல்லி மனைவி குர்ஜாவிடம் கெஞ்சும் நாட்டுப்பாடல்கள் அந்தப் பாலையில் உண்டு. நம் சத்திமுத்தப் புலவர் மனைவிக்கு நாரையைத் தூது விட்டார். நமக்கு அந்தப் பாட்டுகள் மொழி தெரியாமலே பாதி புரிந்துவிடும்.

நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் பாங்தி இருக்கிறது. லோதா நாகர்களின் ஊர். சைபீரியா, வடசீனப் பக்கமிருந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போகும் அமூர் வல்லூறுகள் அக்டோபர், நவம்பரில் அங்கே தங்கும். புறா அளவுப் பறவை. ஈசல் தின்று கொழுத்து, பிறகு அரபிக்கடலை ஒரே மூச்சில் கடக்கும். 2012-ல் தோயாங் நீர்த்தேக்கத்தின் ஓரம் மீன்வலை கட்டி இவற்றை ஆயிரமாயிரமாகப் பிடித்து விற்றார்கள். படங்கள் வெளியானதும் நாடே திட்டியது. அணை வந்ததால் விளைநிலம் போய், மீன்பிடிக்கு மாறியவர்கள் அந்த ஊரில் உண்டு என்பது திட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மறு ஆண்டே ஊர்ச் சபை தடை போட்டது. தேவாலயங்களும் எடுத்துச் சொல்லின. வேட்டை நின்றது. அந்த நவம்பரில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிட்ட மூன்று வல்லூறுகளுக்கு நாகா, வோக்கா, பாங்தி என்று பெயர் வைத்தார்கள். வருமானத்தை விட்டவர்களுக்குப் பதிலுக்கு என்ன கிடைத்தது? பறவை பார்க்கப் போகிறவர்கள் இதையும் கேட்க வேண்டும். அந்த ஊரார் வீட்டில் தங்கி, சாப்பிட்டு, அதற்குரிய காசைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.

பாங்திக்குப் போவது சுலபம். கன்னியாகுமரியில் கிளம்பும் விவேக் எக்ஸ்பிரஸ் திப்ருகர் வரை 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. திமாப்பூரில் இறங்கிக்கொள்ளலாம். நாகாலாந்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் வாங்க மறக்காதீர்கள். நான் சொல்லாமல் விட்டால் உங்கள் அப்பா என்னைத்தான் திட்டுவார். ஸ்லீப்பரில் போங்கள். நம் ஊரில் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும் அசாம் பிள்ளைகள் எதிர் சீட்டில் இருப்பார்கள். உங்கள் வயதுதான். கொஞ்சம் தமிழும் பேசுவார்கள். அவர்கள் ஊரின் பெயர்கூட நமக்குத் தெரியாது என்பதை நினைத்து நான் கூசியிருக்கிறேன்.

கையில் காசில்லை, வேலை தேட வேண்டும் என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் சிவகங்கை மாவட்டம் வரை போங்கள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பல ஆண்டுகளாக இதுதான் வழக்கம். அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை போனைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.