அரசன் தவறிழையான்: ஒரு முதுமொழியும் ஒரு கடற்கொள்ளைக் கப்பலும்



ஒருவர் எடுத்த ஒளிப்படத்தைத் தனியார் நிறுவனமொன்று கேளாமற் பயன்படுத்தினால் அவர் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறலாம். அமெரிக்காவில் மாநில அரசொன்று அதையே செய்தால் இழப்பீடு பெறுவது மிக அரிது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் பெரும்பாலும் இதே பாதுகாப்பு உண்டு என்பதால், அங்கே பயிலும் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

பிளாக்பியர்ட் என்னும் கடற்கொள்ளையனின் கப்பல் 1718இல் வட கரோலைனாக் கரையருகே தரைதட்டியது. அதன் சிதைவு 1996இல் கண்டறியப்பட்டது. ஃபிரெட்ரிக் அலன் என்பவர் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கடலடியில் அவ்வகழ்வைப் படம்பிடித்தார். தம் பதிவுகளை அனுமதியின்றி மாநிலம் இணையத்தில் இட்டதென அவர் முறையிட, 2013இல் 15,000 டொலர் கொடுத்து மாநிலம் இணங்கிப் போனது. பின்னரும் அதுவே நிகழ்ந்ததென்று அவர் வழக்காடினார். 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றின் ஒன்பது நீதிபதிகளும் மாநிலத்தின் பக்கமே முடிவு கூறினர். பதிப்புரிமை மீறலுக்காக மாநிலங்கள் மீது வழக்குத் தொடுக்க வழிசெய்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாதென்றாயிற்று. கண்டுபிடிப்புக் காப்புரிமைக்கு இதே கதி 1999இலேயே நேர்ந்துவிட்டது.

இவ்விலக்குரிமையின் வேர் 'அரசன் தவறிழையான்' என்னும் ஆங்கிலேய முதுமொழியிற் கிடக்கிறது. தன் மன்றில் தன்மீதே வழக்கை ஏற்க மன்னன் கட்டுப்பட்டவனல்லன். குடிகள் விண்ணப்பித்து அவனது இசைவைப் பெற வேண்டியிருந்தது. 1649இல் விசாரிக்கப்பட்ட முதலாம் சார்ள்ஸ் மன்னனும் இம்மொழியையே துணைக்கழைத்தான், தலை தப்பவில்லை. மன்னன் செய்வதெல்லாம் சரி என்பதல்ல இதன் பொருள். தீங்கிழைக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை என்பதே பொருள் என 18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் விளக்கினார். அந்த நல்ல பொருள் மறக்கப்பட்டு, கேடயம் மட்டும் எஞ்சியது.

மன்னனை உதறிய அமெரிக்கரே அவன் கேடயத்தை வைத்துக்கொண்டதுதான் விந்தை. 1793இல் வேற்று மாநிலத்தார் ஒருவர் ஜோர்ஜியா மீது வழக்காடலாம் எனத் தீர்ப்பாயிற்று. மாநிலங்கள் கொதித்தெழ, 1795இல் பதினோராவது திருத்தம் அதனைத் தடுத்தது. முடியாட்சி நீங்காத பிரித்தானியாவோ 1947இல் அரசின்மீது வழக்காட வழி திறந்தது. பதிப்புரிமை மீறலும் அதில் அடங்கும்.

அமெரிக்காவில் வழி முற்றாக அடைபடவில்லை. மீறலை இனித் தொடராதவாறு மாநில அதிகாரிகளுக்குத் தடையாணை கோரலாம். நடுவண் அரசு மீறினால், அதற்கெனவுள்ள கோரிக்கை மன்றில் பணம் கோரலாம். மாநிலம் ஏற்கெனவே பயன்படுத்தியதற்கு இழப்பீடு கேட்கும்போதுதான் கதவு பெரும்பாலும் மூடிக்கொள்கிறது.