அடித்துவிட்ட கோடு



இந்தத் தலைமை நாற்காலியில் அமர்த்தப்பட்டிருப்பவர் வாழ்நாளெல்லாம் நிறமாலைக் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தவர். முன்வரிசையில் கணிதப் பேராசிரியர்கள் அமர்ந்திருக்க, உயர்கணிதத்தைப் பற்றித் தலைமையுரை ஆற்று என்றால் அவருக்குக் கொஞ்சம் கை நடுங்கத்தான் செய்யும். பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் பொருள் 'இயற்பியல் மாணவருக்கு உயர்கணிதத்தின் பயன்'. வெப்பம் பரவுவதைக் கணக்கிடப் போன இடத்தில்தான் ஃபூரியே தம் தொடரைக் கண்டார், ரீமானின் வடிவியல் இல்லாமல் ஐன்ஸ்டைனின் 1915 சமன்பாடுகள் இல்லை என்பவை எல்லாம் இங்கிருப்பவர்கள் வகுப்பில் பலமுறை சொல்லிச் சலித்தவை. அவற்றைப் பிற்பகல் அமர்வுகள் பார்த்துக்கொள்ளும். தலைமையுரைக்கு உள்ள சலுகையில் ஒரு பழைய வழக்கை மறுபடி எடுக்கலாம்.

கணிதத்தை முன்கூட்டியே கற்க வேண்டுமா, தேவை வரும்போது கற்றால் போதுமா என்பதே வழக்கு. பாடத்திட்டக் குழுக்களில் இரண்டாவது கட்சியின் கைதான் ஓங்கியிருக்கிறது. அக்கட்சியின் மூத்தவர் ஒருவர் அரங்கிலேயே இருக்கிறார், மதிப்புக்குரியவர். எப்போதும் ஹைசன்பர்க்கைச் சாட்சிக்கு அழைப்பார். அணி என்றால் என்னவென்றே தெரியாத 23 வயது இளைஞர் 1925-இல் குவாண்டம் இயக்கவியலுக்கு வழி திறக்கவில்லையா என்பார்.

சாட்சி சொன்னது பாதிதான். ஹைசன்பர்க் ஜூலையில் கட்டுரையை மாக்ஸ் போர்னிடம் கொடுத்தார். இரண்டு அளவுகளைப் பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறியது. எழுதியவருக்கே அது உறுத்தல். போர்ன் சில நாள் அதே நினைவாக இருந்துவிட்டு, இது அணிப் பெருக்கல் அல்லவா என்று கண்டுகொண்டார். பிரெஸ்லாவில் மாணவராக இருந்தபோது யாக்கோப் ரோசானெஸ் வகுப்பில் கற்றது, இருபது ஆண்டுக்கும் முந்தைய பாடம். ஹானோவர் போகும் ரயிலில் பௌலியை உதவிக்கு அழைத்தபோது, ஹைசன்பர்க்கின் இயற்பியலை உங்கள் கணிதத்தால் கெடுக்காதீர்கள் என்ற பொருளில் சுடச்சுடப் பதில் வந்ததாகப் போர்ன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பௌலி மறுத்த வேலையை பாஸ்குவால் ஜோர்டான் ஏற்றார். செப்டம்பர் முடிவதற்குள் போர்ன்–ஜோர்டான் கட்டுரை இதழுக்குப் போய்ச் சேர்ந்தது. ரோசானெஸ் வகுப்பில் உட்கார்ந்திருந்த நாளில் போர்னுக்கு அணிகள் எதற்கும் தேவைப்படவில்லை.

சமச்சீரின் கணிதமான குலக் கோட்பாடு வாங்கிய வசவு இன்னும் மோசம். 1920களின் கடைசியில் ஜெர்மன் இயற்பியலாளர்கள் அதைக் 'குலக் கொள்ளைநோய்' என்றே திட்டினார்கள். 1929-இல் ஸ்லேட்டர் வெறும் அணிக்கோவைகளை வைத்தே அணு நிறமாலைகளைக் கையாண்டு காட்டியதும் பலர் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். நம் ஊரில் அந்த நிம்மதி இன்னும் கலையவில்லை.

குலக் கோட்பாடு என்ன தரும் என்று பார்க்கக் கார்பன் டெட்ராகுளோரைடை எடுத்துக்கொள்வோம். ராமன் விளைவைப் பார்க்க ஆய்வகங்கள் காலங்காலமாக எடுக்கும் திரவம். ஐந்து அணுக்கள், ஆகவே 15 வகை அசைவுகள். மூலக்கூறு மொத்தமாக நகர்வதையும் சுழல்வதையும் கழித்தால் மிச்சம் 9 அதிர்வுகள். நான்முகியின் 24 சமச்சீர்ச் செயல்களைக் கொண்டு பிரித்தால் அவை 1, 2, 3, 3 என்று கூடி நான்கு அதிர்வெண்களாகச் சுருங்கும். நான்கும் ராமன் நிறமாலையில் தெரியும், அகச்சிவப்பில் இரண்டுதான். இவ்வளவையும் சொல்ல ஒரு விசை மாறிலிகூடத் தெரிய வேண்டியதில்லை.

இந்தத் தலைமையாளர் முதுகலை மாணவராக இருந்தபோது ஐந்து கோடுகளைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு போனார்: சென்டிமீட்டருக்கு 218, 314, 459, பிறகு மங்கலாக 762, 790. "நாலுதானேப்பா வரணும்? ஒண்ணு அழுக்கா இருக்கும், அடிச்சிடு" என்றார் ஆசிரியர். அடித்தார். எந்தக் கோட்டை அடித்தார் என்பது இப்போது நினைவில்லை.

அழுக்கு ஏதும் இல்லை. 459-ஐயும் 314-ஐயும் கூட்டினால் 773; நான்காவது அதிர்வெண் இருக்க வேண்டிய இடமும் ஏறத்தாழ அதுவே. இந்தக் கூட்டு அதிர்வும் அந்த நான்காவது அதிர்வும் ஒரே சமச்சீர் இனம் என்பதால் ஒன்றோடொன்று கலந்து, ஒன்று கீழேயும் மற்றது மேலேயும் விலகி நிற்கின்றன. கார்பன் டை ஆக்சைடில் இதே கதையை ஃபெர்மி 1931-லேயே விளக்கிவிட்டார். எது எதோடு கலக்கலாம், எது கூடாது என்று சொல்வது குலக் கோட்பாடு. அது கையில் இல்லாதவருக்கு இங்கே ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. தேவை வரும்போது கற்கலாம் என்கிற நண்பரிடம் கேட்க வேண்டியது: தேவை வந்து நின்றதை அந்த ஆய்வகத்தில் யார் கண்டார்கள்?

இனி, ஓரங்கட்டப்பட்ட ஒரு நூல். ராமனின் மாணவர் சூரி பகவந்தமும் வெங்கடராயுடுவும் 1939-இல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில், மூலக்கூறுக்குச் செய்யும் கணக்கைப் படிகத்தின் அலகுக்கூடு முழுவதற்கும் செய்து காட்டினார்கள். கால்சைட்டின் கூட்டில் 10 அணுக்கள், 30 அசைவுகள். அவர்கள் வழியில் கணக்கிட்டால் ராமனில் 5 கோடுகள் வர வேண்டும், ஐந்தே வருகின்றன. 1948-இல் அவர்களது நூலை ஆந்திரப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1959-இல் அது ரஷ்ய மொழிக்கும் போனது. நம் கல்லூரிகளின் பரிந்துரைப் பட்டியல்களில் மட்டும் விளக்குப் பிடித்துத் தேட வேண்டியிருக்கிறது.

ஹால்ஃபோர்டு 1946-இல் தந்த வழி, மூலக்கூறு அமர்ந்திருக்கும் இடத்தின் சமச்சீரை மட்டும் பார்ப்பது. விரைவானது, மறுப்பில்லை. ஆனால் கால்சைட்டில் ராமனில் தெரியும் அதிர்வு அகச்சிவப்பில் தெரியாது. ஒற்றைக் கார்பனேட் அயனியின் இடத்தில் நின்று பார்த்தால் இந்த விதி கண்ணில் படாது. சுருக்குவழிக்கு ஓர் இயலும் மூலவழிக்கு ஓர் அடிக்குறிப்பும் ஒதுக்கிய பாடநூல் நண்பர் அடுத்த பதிப்பிலாவது இரண்டையும் இடம் மாற்றுவார் என்று நம்பலாம்.

ஆகவே கோரிக்கை ஒன்றே. முதுகலையின் கடைசிப் பருவத்தில், கடைசி அலகில், தேர்வுக்கு வராது என்று மாணவர் தாண்டிப்போகும் குலக் கோட்பாட்டை முதல் பருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். மணிநேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பெசல் சார்புகளின் மீள்தொடர்புகளைப் பக்கம் பக்கமாக நிறுவுவதை நிறுத்தினாலே மூன்று வாரம் கிடைக்கும்.

முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். அவரது தலைப்பு பெசல் சார்புகள் என்று நிகழ்ச்சி நிரலில் இருப்பதைத் தலைமையாளர் இப்போதுதான் பார்க்கிறார்.